முப்பது காசுப் பூசணியும் நூறு வெள்ளி டின்னும்

ஜொகூர் பாருவின் காலைப் பசாரில் மஞ்சள் பூசணி கிலோ ஏறக்குறைய 4 மலேசிய வெள்ளி. மசித்த பூசணி ஒரு தேக்கரண்டி 5 கிராம் இருக்கும். விலை 2 காசு. நாளுக்கு ஒரு தேக்கரண்டி வீதம் பதினைந்து நாள் தட்டில் வைத்தால் 75 கிராம், 30 காசு. காய்கறியைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொள்ளும் பிள்ளைக்கு ஒரு புதுக் காயைப் பழக்க ஆகும் பொருட்செலவு அவ்வளவுதான்.

அதே ஊரின் மருந்துக்கடையில், சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கென்றே விற்கும் சத்துப்பால் மாவு 850 கிராம் டின் சுமார் 100 வெள்ளி. ஒரு கிளாஸுக்கு 48 கிராம் மாவு, நாளுக்கு இரண்டு கிளாஸ் என்று வைத்துக்கொண்டால் டின் ஒன்பதாம் நாள் காலி. மாதத்துக்கு 2,880 கிராம் வேண்டும். மூன்றரை டின்னுக்குச் சற்றே குறைவு, 340 வெள்ளி. 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு பிள்ளையின் பாலுக்கே போய்விடுகிறது. மாசாயிலும் ஸ்கூடாயிலும் கூலாயிலும் உள்ள தாமான்களில், மாதா மாதம் இந்தத் தொகையை முகம் கோணாமல் எடுத்துவைக்கும் பெற்றோரை எனக்குத் தெரியும். பிள்ளைக்காக என்றால் அவர்கள் எதையும் செய்வார்கள். அந்த அன்புக்குச் சரியான கணக்கு கிடைக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

இந்த இரண்டு தொகைக்கும் நடுவில் என்ன நடக்கிறது? பெற்றோர் ஒரு தடவைக்கு வைக்கும் அளவு பெரிதாக இருக்கிறது. வைக்கும் தடவைகள் குறைவாக இருக்கின்றன. அளவைச் சுருக்கித் தடவைகளைக் கூட்டினால் காசும் மிஞ்சும், பிள்ளையும் தின்னும். இதைத்தான் எண்களோடு எழுதிக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் நாட்டுக் கணக்கு. சுகாதார அமைச்சின் 2022 தேசிய உடல்நல ஆய்வில், 5 வயதுக்கு உட்பட்ட மலேசியப் பிள்ளைகளில் 21.2 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 2015-இல் இது 17.7 விழுக்காடு. ஏழு ஆண்டுகளில் குறைய வேண்டிய எண் கூடியிருக்கிறது. 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ளவர்களில் இரத்தச்சோகை 46.5 விழுக்காடு, இரண்டு பிள்ளைகளில் ஏறக்குறைய ஒன்று. வறுமை, பிறக்கும்போது எடைக் குறைவு, அடிக்கடி வரும் தொற்று, தாயின் இரத்தச்சோகை என்று இதற்குக் காரணங்கள் பல. பிள்ளையின் பிடிவாதம் ஒன்றே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் கீரையும் முட்டையும் இருந்தும் பிள்ளையின் வயிற்றுக்குள் அவை போகாத இடத்தில், அந்தப் பிடிவாதத்தைக் கையாளத் தெரிவது பெரிய உதவி.

எத்தனை பிள்ளைகள் இப்படி? கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் எடுத்த ஒரு கணக்கு 2012-இல் வெளியானது. 1 முதல் 10 வயதுப் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர், தாத்தா பாட்டிமார் என 407 பேரைக் கேட்டார்கள். பிள்ளை எப்போதுமே அடம்பிடிக்கிறது என்றவர்கள் 25.1 விழுக்காடு. சில நேரம் என்றவர்கள் 24.1 விழுக்காடு. சேர்த்தால் 49.2. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சுற்றிப் பிறந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், மிகவும் தேர்ந்து தின்னும் பிள்ளைகள் 24 மாதத்தில் 10 விழுக்காடு, 38 மாதத்தில் 15, 65 மாதத்தில் 12. கேட்ட கேள்வி வேறு, அதனால் எண்ணும் வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது இது: பாதிப் பெற்றோர் கவலைப்படுகிறார்கள், கடுமையாக அடம்பிடிக்கும் பிள்ளைகள் ஏழில் ஒன்று, மூன்று வயதை ஒட்டி அது உச்சத்துக்குப் போய்ப் பிறகு மெல்ல இறங்குகிறது.

அடுத்தது வயிற்றுக் கணக்கு. தட்டைப் பார்ப்பதற்கு முன் புட்டியைப் பார்க்க வேண்டும். மலேசியாவின் 2017 ஊட்டச்சத்துப் பரிந்துரைப்படி 1 முதல் 3 வயதுவரை ஒரு நாளுக்கு ஆண் பிள்ளைக்கு 980 கலோரி, பெண் பிள்ளைக்கு 900 கலோரி போதும். மூன்று வயதுப் பிள்ளை காலை எழுந்ததும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மத்தியானத் தூக்கத்துக்கு ஒன்று, இரவில் ஒன்று என 240 மில்லி புட்டி நான்கு குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 960 மில்லி முழுக்கொழுப்புப் பாலில் சுமார் 600 கலோரி. நாளின் தேவையில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் புட்டியிலேயே முடிந்துவிட்டது. சோறு, காய், மீன், முட்டை எல்லாவற்றுக்கும் மிச்சமிருப்பது 300, 380 கலோரிக்கான இடம். இந்தப் பிள்ளையை நாம் அடம் என்கிறோம். அதற்கு வயிறு நிறைந்திருக்கிறது.

பாலில் கால்சியம் உண்டு, புரதம் உண்டு. இரும்புச்சத்து இல்லையென்றே சொல்லலாம். அரை லிட்டரில் கால் மில்லிகிராம் தேறினால் அதிகம். 46.5 விழுக்காடு இரத்தச்சோகை உள்ள நாட்டில் இது சின்ன விஷயமில்லை. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு நாளுக்கு அரை லிட்டர் பாலோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. நான்கு புட்டியை இரண்டாக்கினால் 300 கலோரிக்குப் பசி திரும்பி வரும். எந்தச் சமையல் வித்தையும் இல்லாமல் பாதிப் பிரச்சினை அங்கேயே இளகிவிடும்.

பாக்கெட் பானமும் இதே கணக்கில்தான் வரும். 2019 ஜூலை 1 முதல் மலேசியாவில், 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரையுள்ள பானத்துக்கு லிட்டருக்கு 40 காசு வரி. 2025 தொடக்கத்தில் அது 90 காசு ஆயிற்று. சரியாக அந்த எல்லையில் நிற்கும் 250 மில்லி பானத்திலேயே பன்னிரண்டரை கிராம் சர்க்கரை, மூன்று தேக்கரண்டி. பள்ளி விட்டு வந்த பிள்ளை மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி முன் அதைக் குடித்தால் பசி அத்தோடு போயிற்று.

இனி முக்கியமான கணக்குக்கு வருகிறேன். அமெரிக்காவில் 4 முதல் 24 மாதக் குழந்தைகள் 3,022 பேரைப் பற்றி 2004-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அடம்பிடிப்பதாகப் பெற்றோர் சொன்ன குழந்தைகள் 4 மாதத்தில் 19 விழுக்காடு, 24 மாதத்தில் 50 விழுக்காடு. அதைவிட முக்கியமான எண் வேறொன்று: ஒரு புது உணவை 3 முதல் 5 தடவை கொடுத்துப் பார்த்துவிட்டு, ‘இது பிடிக்கவில்லை’ என்று பெரும்பாலான பெற்றோர் முடிவுகட்டிவிட்டார்கள்.

பிள்ளையின் நாக்குக்கு எத்தனை தடவை வேண்டும்? 1982-இல் லியன் பர்ச் என்ற ஆய்வாளர் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் புதுப் பழங்களையும் பாலாடைக்கட்டிகளையும் 2, 5, 10, 15, 20 என வெவ்வேறு தடவைகள் கொடுத்துப் பார்த்தார். தடவை ஏற ஏற விருப்பமும் ஏறியது. 2003-இல் லண்டனில் ஜேன் வார்டல் குழுவினர் 2 முதல் 6 வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் 156 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவினர், பிள்ளைக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒரு காயைத் தினமும் கொஞ்சம் சுவைக்கத் தந்தார்கள். பதினான்கு நாள். இன்னொரு பிரிவுக்கு அறிவுரைத் தாள் மட்டும் கொடுத்தார்கள். தினமும் சுவைத்த பிள்ளைகளுக்குத்தான் அந்தக் காயின்மீது விருப்பமும் உண்ணும் அளவும் நன்றாகக் கூடின. பொதுவாக 8 முதல் 15 தடவை என்று இன்று சொல்கிறார்கள். பெற்றோர் நிறுத்துவது ஐந்தில். மருந்து வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் புட்டியை மூடிவைப்பது போன்றது இது.

ஏன் ஐந்தில் நிற்கிறார்கள்? அளவைப் பார்த்தால் விளங்கும். பயற்றங்காய்ப் பொரியல் 50 கிராம் தட்டில் வைக்கிறோம். பிள்ளை தொடவில்லை. மறுநாள் மறுபடி 50. நான்கு நாளில் 200 கிராம், கிலோ 8 வெள்ளி விலையில் 1 வெள்ளி 60 காசு, அதோடு நான்கு நாள் சமையல், நான்கு நாள் சண்டை. கிடைத்தது நான்கு தடவை மட்டும். அதையே 5 கிராமாக வைத்தால் பதினைந்து தடவைக்கும் சேர்த்து 75 கிராம்தான், 60 காசு. முன்னதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான பொருளில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு தடவைகள். குப்பைக்குப் போனாலும் ஒரு நாளைக்கு 4 காசுதான் போகிறது. மனம் ஆறும். மனம் ஆறினால்தான் பதினைந்து நாள் தாங்கும்.

பசாரில் ஒரு நடை நடந்து ஐந்து பொருளுக்கு இந்தக் கணக்கைப் போடுவோம். விலைகள் வட்டமாகப் போட்டவை; மழைக்காலத்திலும் பண்டிகை நேரத்திலும் ஏறும். மஞ்சள் பூசணி 75 கிராம், 30 காசு. கேரட் கிலோ 5 வெள்ளி, 38 காசு. பயற்றங்காய் 60 காசு. கீரைக் கட்டு 2 வெள்ளி என்றால், தண்டு போக 60 காசுக்கு வேண்டிய இலை தேறும். பப்பாளி கிலோ 5 வெள்ளி, 38 காசு. மொத்தம் 2 வெள்ளி 26 காசு. ஐந்து பொருள், ஒவ்வொன்றும் பதினைந்து தடவை, ஆக 75 தடவைகள். அந்த நூறு வெள்ளி டின்னில் ஒரு கிளாஸ் 5 வெள்ளி 65 காசு. ஒரு கிளாஸின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

பூசணியைத் தேக்கரண்டியாக யாரும் விற்கமாட்டார்கள் என்பது உண்மைதான். அரைக் கிலோத் துண்டு வாங்கத்தான் வேண்டும். மிச்சத்தைச் சாம்பாரில் போட்டால் வீட்டுக்கே ஒருவேளைக் குழம்பு. அங்கேயும் ஒரு நன்மை இருக்கிறது: தன் தட்டிலிருப்பதையே அம்மாவும் தாத்தாவும் தின்பதைப் பிள்ளை பார்க்கிறது. தனக்கென்று தனியாகச் சமைத்த ஒன்றைச் சந்தேகத்தோடு பார்க்கும் பிள்ளை, எல்லார் தட்டிலும் இருப்பதை அவ்வளவு சந்தேகிப்பதில்லை.

மாசாயில் ஓர் அடுக்குமாடி வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். நான்கு வயதுப் பேரன், கையில் கைப்பேசி. பாட்டி கிண்ணத்தில் பருப்புச் சோற்றோடு பின்னால் நடக்கிறார். ‘ஒரே ஒரு வாய்டா ராஜா.’ படம் ஓடும்போது வாய் திறக்கிறது. படம் நின்றால் மூடுகிறது. ஒருவேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். அந்த வீட்டில் பிறகு செய்த மாற்றம் சின்னது. பேரனைத் தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவனுக்குப் பிடித்த சோறும் பொரித்த மீனும் தட்டில் வழக்கம்போல இருந்தன. ஓரத்தில், சோற்றைத் தொடாமல், விரல் நகம் அகலத்துக்குப் பூசணி. ‘பாட்டி, இது என்ன?’ ‘பூசணிடா. வேணாம்னா அப்படியே விட்டுடு.’ முதல் நாள் அதைத் தட்டுக்கு வெளியே தள்ளினான். அடுத்து ஒருநாள் விரலால் அழுத்தி, அது நசுங்குவதைப் பார்த்தான். பிறகு விரலை மோந்து பார்த்தான். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அதுதான் பெரிய சிரமமாக இருந்தது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. தொடுவது, மோப்பது, நாக்கு நுனியில் வைத்துத் துப்புவது எல்லாமே கணக்கில் சேரும் தடவைகள்தான். விழுங்கினால்தான் ஒன்று என்று எண்ணுகிறவர்கள் பாதி வழியிலேயே சோர்ந்துவிடுகிறார்கள்.

சும்மா இருப்பது ஏன் முக்கியம் என்பதற்கும் ஓர் எண் இருக்கிறது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், பாலர் பள்ளிப் பிள்ளைகள் 27 பேருக்குப் பதினொரு வாரம் இரண்டு வகைச் சூப் கொடுத்தார்கள். ஒன்றைக் கொடுக்கும்போது ‘சூப்பைக் குடித்து முடி’ என்று வற்புறுத்தினார்கள். மற்றதைச் சும்மா வைத்தார்கள். வற்புறுத்திய சூப்பைப் பற்றிப் பிள்ளைகள் சொன்ன வெறுப்புச் சொற்கள் 157. சும்மா வைத்ததைப் பற்றி 30. சும்மா வைத்ததைத்தான் கூடுதலாகக் குடித்தார்கள். ‘ஒரே ஒரு வாய்’ என்பது நமக்குக் கொஞ்சல். பிள்ளையின் காதில் அது வற்புறுத்தலாகவே விழுகிறது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. தின்பதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் எலின் சாட்டர் வகுத்த இந்தப் பங்கீட்டை நம் வீடுகளில் ஏற்பது கடினம் என்று தெரியும். பிள்ளை தட்டைக் காலி செய்வதில்தான் பாட்டியின் நிம்மதியே இருக்கிறது. ஆனாலும் ஏற்க முயலலாம் என்றே சொல்வேன்.

பரிசு கொடுக்கலாமா? கொடுக்கலாம், தின்பண்டமாக வேண்டாம். 2011-இல் லண்டனில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகள் 422 பேரிடம் செய்த ஆய்வில், பிடிக்காத ஒரு காயைப் பன்னிரண்டு நாள் சுவைத்ததற்குச் சிலருக்கு ஸ்டிக்கர், சிலருக்குப் பாராட்டு. இரண்டு பிரிவினருமே மூன்று மாதம் கழித்தும் அந்தக் காயைக் கூடுதலாகத் தின்றார்கள். ஸ்டிக்கர் தாள் ஒன்று 2 வெள்ளிக்குக் கிடைக்கும். பாராட்டுக்கு அதுவும் வேண்டாம். ‘கீரையைத் தின்றால் ஐஸ்கிரீம்’ என்ற பேரத்தில் மட்டும் கீரை தண்டனையாகவும் ஐஸ்கிரீம் விடுதலையாகவும் மாறிவிடுகிறது.

மறைத்துக் கொடுப்பது பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். தோசை மாவில் கேரட்டை அரைத்து ஊற்றினால் கேரட் வயிற்றுக்குள் போகும். நாக்குக்கு அது தெரியாது, அதனால் தடவைக் கணக்கில் சேராது. இரண்டையும் செய்யலாம்: தோசைக்குள் அரைத்த கேரட், ஓரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு துண்டு. நம் ஊர் லக்சா ஜொகூரே இதற்கு வாகான உணவு. மீனை வேகவைத்து அரைத்துத் தேங்காய்ப்பாலில் காய்ச்சிய குழம்பு, அதற்கடியில் ஸ்பகெட்டி, மேலே தனித்தனியாக வெள்ளரி, தவ்கே என்னும் முளைப்பயறு, நறுக்கிய பயற்றங்காய். முள் இல்லாத மீன் குழம்போடு போய்விடும். மேலே வைக்கும் மூன்றையும் தனிக் கிண்ணங்களில் வைத்து, ‘உனக்கு வேண்டியதை நீயே எடுத்துப் போட்டுக்கொள்’ என்று விடுங்கள். தன் கையால் எடுத்த வெள்ளரித் துண்டை அவ்வளவு எளிதில் பிள்ளை தள்ளாது. காரத்தை மட்டும் குறைத்துக் காய்ச்ச வேண்டும்.

இப்போது இரும்புக் கணக்கு. இதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு, உணவிலுள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்கே உடலில் சேரும் என்ற கணக்கில், உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 6.3 மில்லிகிராம். சாதாரணத் தமிழ் வீட்டில் ஒரு நாள்:

முட்டை ஒன்று: 0.9 மி.கி., 45 காசு.
பருப்பு 30 கிராம்: 1.3 மி.கி., 20 காசு.
அரிசி 100 கிராம்: 0.8 மி.கி., 26 காசு.
கோதுமை மாவு 30 கிராம், ஒரு சின்னச் சப்பாத்தி: 1.1 மி.கி., 15 காசு.
கோழி இறைச்சி 30 கிராம்: 0.3 மி.கி., 30 காசு.
முருங்கைக்கீரை 20 கிராம்: 0.8 மி.கி., பக்கத்து வீட்டு மரம்.

மொத்தம் 5.2 மில்லிகிராம், 1 வெள்ளி 36 காசு. அரிசிக்குப் போட்ட கிலோ 2 வெள்ளி 60 காசு, விலைக் கட்டுப்பாட்டிலுள்ள உள்ளூர் அரிசியின் விலை. இறக்குமதி அரிசி என்றால் பத்துப் பன்னிரண்டு காசு கூடும். முட்டைக்கு 2025 ஆகஸ்டு முதல் அரசு மானியமும் இல்லை, உச்சவரம்பு விலையும் இல்லை. 45 காசு என்பதைக் கொஞ்சம் முன்னே பின்னே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் 1.1 மில்லிகிராம் குறைகிறதே? இங்கேதான் கொய்யா உதவுகிறது. 50 கிராம் கொய்யாவில் 100 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி. விலை 35 காசு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ள அது கைகொடுக்கிறது. சாப்பாட்டோடு தே குடித்தால் நேர்மாறாக நடக்கும். தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நம் வீடுகளில் மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூடப் பால் தேயில் பிஸ்கட்டை நனைத்துக் கொடுக்கிறோம். அதை நிறுத்த ஒரு காசும் செலவில்லை. வாரத்தில் ஒருநாள் கோழி ஈரல் 30 கிராம் சேர்த்தால் அன்று மட்டும் 2.7 மில்லிகிராம் கூடுதலாகக் கிடைக்கும். செலவு 25 காசுக்குள். தினமும் வேண்டாம். அந்த 30 கிராமிலேயே வைட்டமின் ஏ 1,000 மைக்ரோகிராமை ஒட்டி இருக்கிறது. சின்னப் பிள்ளைக்கு அது தினசரி உச்ச அளவைத் தாண்டிவிடும்.

முருங்கைக்கீரையைப் பிள்ளைக்குக் கொடுக்கும் விதம் ஒன்று. ஈர்க்கு முழுவதையும் உருவி, இலையை மட்டும் பொடியாக நறுக்க வேண்டும்; ஈர்க்கு ஒன்று நாக்கில் பட்டாலும் பிள்ளை மறுபடி வாய் திறக்காது. இரண்டு சின்ன வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, இலையைப் போட்டு நிறம் மாறும்வரை பிரட்டி, அதன்மேல் முட்டையை ஊற்றிக் கிளற வேண்டும். தொடக்கத்தில் ஒரு முட்டைக்கு ஒரு சிட்டிகை இலை. பச்சைப் புள்ளிகள் நான்கைந்து தெரிந்தால் போதும். பழகப் பழக இலையைக் கூட்டிக்கொண்டே போகலாம். முட்டையின் வாசம் கீரையின் பச்சை வாடையை அடக்கிவிடும், நிறம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

நேரத்துக்கும் கணக்கு உண்டு. ஒருவேளைச் சாப்பாடு 20 முதல் 30 நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். அதற்குமேல் இழுத்தால் உள்ளே போவது மிகக் குறைவு. ஒரு மணி நேரம் துரத்தி ஊட்டுவதை 25 நிமிடமாக்கினால் வேளைக்கு 35 நிமிடம் மிச்சம். மூன்று வேளைக்கு 105 நிமிடம். மாதத்துக்கு ஐம்பத்திரண்டரை மணி நேரம். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் எத்தனையோ பாட்டிமாரின் முழங்காலுக்கு இது ஒரு வாரத்து முழுநேர வேலையைவிடக் கூடுதலான ஓய்வு.

ஜொகூருக்கே உரிய நேரக் கணக்கு இன்னொன்று. 2014 ஜனவரி 1 முதல் பதினோரு ஆண்டுகள் இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. அந்தப் பதினோரு ஆண்டுகள், விடியுமுன் எழுந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பெற்றோருக்குச் சனி ஞாயிறு விடுமுறை, பிள்ளைக்கு வெள்ளி சனி. குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடக் கிடைத்தது சனிக்கிழமை ஒன்றுதான். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரும் சனி ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. ஆண்டுக்கு 52 நாள் கூடுதல். வேளைக்கு ஒன்றாக எண்ணினால் 156 வேளைகள். ஒரு காய்க்குப் பதினைந்து தடவை என்று போட்டால் அந்த ஞாயிறுகளிலேயே பத்துக் காய்களுக்கு இடமிருக்கிறது, அதுவும் அப்பாவும் அம்மாவும் அதே காயைத் தின்றுகொண்டிருக்கும் மேசையில்.

பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட முடியாது. 1979 முதல் நடக்கும் துணை உணவுத் திட்டத்தில், வசதி குறைந்த குடும்பத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு அரசு தரும் தொகை தீபகற்பத்தில் நாளுக்கு 2 வெள்ளி 50 காசாக இருந்து, 2022-இல் 3 வெள்ளி 50 காசு ஆயிற்று. ஜொகூரின் எழுபதை ஒட்டிய தமிழ்ப்பள்ளிகளிலும் இந்தத் தட்டு வருகிறது. ஆண்டுக்கு 190 பள்ளி நாள் என்று வைத்தால் பிள்ளைக்கு 665 வெள்ளி. அதில் காயும் பழமுமாக ஒரு கால் பங்கைப் பிள்ளை அப்படியே விட்டுவிட்டால் 166 வெள்ளி வாளிக்குப் போகிறது. பயற்றங்காயை வீட்டில் பதினைந்து தடவை பார்த்துப் பழகிய பிள்ளை பள்ளித் தட்டில் அதை விடாது. வீட்டில் செலவழித்த 60 காசு பள்ளியில் போய்ப் பலன் தருகிறது.

பிள்ளை தின்ன அடம்பிடித்தால், ‘வளர்ப்புச் சரியில்லை’ என்று இன்னும் மருமகள்களைத்தான் சொல்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த சுமார் 2,400 இரட்டையர் சோடிகளை 16 மாதத்திலிருந்து 13 வயதுவரை பின்தொடர்ந்த ஆய்வு 2024-இல் வந்தது. பிள்ளைகளுக்கிடையே அடத்தில் காணும் வேறுபாட்டில் 16 மாதத்தில் 60 விழுக்காடு மரபணுவால் வருவது. 3 வயதுக்குப் பிறகு 74 விழுக்காடும் அதற்கு மேலும். ஒரே அம்மா, ஒரே அடுப்பு, ஒரே மேசை. அக்கா கீரை தின்கிறாள், தம்பி தின்பதில்லை. இதில் அம்மாவைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் மரபணு சொல்வதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. மேலே சொன்ன ஆய்வுகளில் பழகிக்கொண்ட பிள்ளைகளும் ஏதோவொரு மரபணுவோடு பிறந்தவர்கள்தான்.

தேக்கரண்டிக் கணக்குக்கு அடங்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள். எடை ஏறாமல் நின்றுவிட்டது, வளர்ச்சி அட்டையில் கோடு கீழ்நோக்கிச் சரிகிறது, மொத்தமாகவே இருபது வகைக்குக் குறைவாகத்தான் தின்கிறது, குழைவான எதைக் கண்டாலும் குமட்டுகிறது, முன்பு தின்றதையும் ஒவ்வொன்றாக விடுகிறது என்றால் தாமதிக்காமல் அரசு சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். எடை குறைந்த ஏழைப் பிள்ளைகளுக்கு உணவுக்கூடை தரும் மறுவாழ்வுத் திட்டம் 1989 முதல் அங்கே நடக்கிறது. வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி. டின் வாங்கும் பணத்தில் முன்னூற்று நாற்பது தடவை போகலாம்.

மற்ற பிள்ளைகளுக்கு ஆண்டுக் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று 15 நாள் என்றால் ஆண்டுக்கு 24 சுற்று. இனிப்பான பூசணியிலும் கேரட்டிலும் தொடங்குங்கள். பயற்றங்காய், வெண்டை, கீரை நடுவில் வரட்டும். பாகற்காய் கடைசிக்கு இருக்கட்டும், வராவிட்டாலும் பரவாயில்லை. ஒரு வீட்டுச் சமையலுக்குப் பத்துக் காய் தாராளம். 24 சுற்றில் 14 தோற்கலாம். தோற்ற காயை மூன்று மாதம் கழித்து இன்னொரு சுற்று வையுங்கள். அதற்கு இன்னும் 30 காசு.